காயாத இடதுகால் செருப்பு

ஷபீனா பாலிதீன் பைக்குள் கைவிட்டு ஒரு செருப்பை எடுத்தாள். மேசைமேல் வைக்கக் கூச்சப்பட்டு, தரையில் வைக்கவும் மனம் வராமல், கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபிரெடி அவசரமாகச் செய்தித்தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். அவன் இன்னும் படித்து முடிக்காத விளையாட்டுப் பக்கம் அது.

ஆண்கள் போடும் தோல் செருப்பு, இடதுகால். பின்வார் அறுந்து பச்சை நூலால் நெருக்கித் தைக்கப்பட்டிருந்தது. செருப்பு முழுக்க ஈரமாக இருந்தது.

"மழையில நனைஞ்சுதா?" என்று ஃபிரெடி கேட்டான். வெளியே மேற்குத் தாம்பரம் காலையிலிருந்தே நனைந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க. மூடித்தான் எடுத்துக்கிட்டு வந்தேன். பூட்டின பீரோவுக்குள்ள இருந்துச்சு. போன வாரம் வெயில்ல நல்லா காயவெச்சுத்தான் உள்ள வெச்சேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மழை வந்தா இது தானா நனைஞ்சிடுது மேடம். அவர் இப்பத்தான் தண்ணியிலருந்து ஏறி வந்து கழட்டிப் போட்ட மாதிரி."

மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த கோகிலவாணி செருப்பைத் தொடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அவள் நடத்துவது ஒரு சிறிய விசாரணை நிலையம். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான் வரும். மாப்பிள்ளை குடிக்கிறாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, இதற்குமேல் தாம்பரத்தில் யாருக்கும் மர்மம் தேவைப்படுவதில்லை. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்த ஃபிரெடிக்கு இதில் நிறைய மனக்குறை உண்டு. இப்போது அவன் முகத்தில் அந்தக் குறை தீர்ந்துபோயிருந்தது.

"உட்காரும்மா. முதல்லருந்து சொல்லு," என்றாள் கோகிலவாணி.

ஷபீனாவின் கணவன் ஷாகுல், நண்பன் பர்வேஸோடு சேர்ந்து பெருங்களத்தூரில் சுற்றுலா நிறுவனம் வைத்திருந்தான். நீண்ட விடுமுறை கிடைக்காத குடும்பங்களுக்குக் குட்டிக் குட்டிப் பயணங்கள். அவன் ஆசையாகத் திட்டமிட்டது ஒரு ஜோடிப் பயணம்: மன்னார் வளைகுடாத் தீவுகளின் தேசியப் பூங்காவில் இரண்டு நாள், ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்காவில் இரண்டு நாள். "ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் மணல், நடுவுல தாம்பரம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். ஏப்ரலுக்குமேல் பாலைவனம் தாங்காது என்பதால், ரமலான் மாதமென்றும் பார்க்காமல் இரண்டு இடங்களையும் நேரில் பார்த்துவரக் கிளம்பினான்.

"தீவுக்கு பர்வேஸ் அண்ணாவும் கூடப் போனாரு. பாலைவனத்துக்கு இவர் மட்டும் போறதா பேச்சு. மதுரையில வடக்கே போற வண்டியில ஏத்திவிட்டுட்டு பர்வேஸ் அண்ணா திரும்பி வந்துட்டாரு. இதே செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டி ஏறினாராம்."

"போன் பண்ணாரா?"

"போன் படகுலருந்து கடல்ல விழுந்துடுச்சாம். கடை நம்பர் வாட்ஸ்அப்லருந்து மெசேஜ் அனுப்பினாரு. அது அவரோட டேப்லயும் ஓப்பன் ஆகும்."

"வேற யாருகிட்டல்லாம் ஓப்பன் ஆகும்?" என்று ஃபிரெடி குறுக்கே விழுந்தான்.

"கடை கம்ப்யூட்டர்ல, பர்வேஸ் அண்ணா போன்ல. அப்புறம் இவரோட அண்ணன் ஜலால் போன்லயும். அவரும் கடையில பங்கு. போலீஸ்ல அதான் சொன்னாங்க. கடை சிம் கடையிலயே கிடக்குது, அதை வெச்சு எந்த டவர்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு. பெரிய மனுஷன், தானா மெசேஜ் அனுப்பியிருக்காரு, தானா வருவாருன்னு அனுப்பிட்டாங்க."

வந்தவை மூன்று செய்திகள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று முதலாவது. பாலைவனத்துக் கானமயில் பறவையைப் பார்த்தேன் என்று இரண்டாவது. மூன்றாவதை ஷபீனா போனைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஷபீ, மணல் மேட்டுமேல உக்காந்திருக்கேன். சூரியன் இப்பத்தான் முழுசா இறங்குச்சு. பேரீச்சம்பழமும் தண்ணியும் சாப்பிட்டு நோன்பு திறந்துட்டேன். உனக்காக துஆ கேட்டேன். நாளைக்கு இன்னும் உள்ள போறேன். சிக்னல் இருக்காது. கவலைப்படாதே."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயணத்துல நோன்பு விட சலுகை இருக்கு மேடம், ஆனா அவர் விடமாட்டாரு. அன்னைக்கு நம்ம பள்ளியில பாங்கு சொல்லி முடிச்ச நேரம். என் வாயில பேரீச்சம்பழம் இருக்கு, நோன்புக் கஞ்சிகூட இன்னும் கிண்ணத்துல ஊத்தல. போன் அடிச்சுது. அவ்ளோ தூரத்துலருந்தும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நோன்பு திறந்திருக்கோமேன்னு அழுதுட்டேன்."

ஃபிரெடி தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். கோகிலவாணி மட்டும், "பாங்கு முடிஞ்ச உடனேவா?" என்று கேட்டாள்.

"உடனே. விதையைக்கூட நான் துப்பல."

அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. ஜெய்சல்மேரில் அவன் முன்பதிவு செய்திருந்த விடுதிக்காரர், அப்படி யாரும் வரவில்லை என்றார். வேறு விடுதியில் தங்கியிருப்பான் என்றது போலீஸ். ஆகஸ்டில் ஒருநாள் இரவு முழுக்கப் பெருமழை பெய்தது. ஷபீனா விடிந்து கதவைத் திறந்தபோது வாசற்படியில் இந்தச் செருப்பு இருந்தது.

"தெருவெல்லாம் சேறு மேடம். படிவரைக்கும் ஒரு காலடித் தடம் இல்ல. யாரும் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. அவர் செருப்புதான். வார் ஒண்ணுதான் அறுந்துச்சு, ஜோடி மாறக்கூடாதுன்னு ரெண்டுக்கும் நானே பச்சை நூல் போட்டேன்." அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஜலால் மச்சான், தம்பி மௌத்தாயிட்டான், வெளியூர்ல இறந்தவங்களுக்குத் தொழுற மாதிரி ஜனாஸா தொழுதுடலாம்ங்கறாரு. தொழுதுட்டா நான் இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள், வெளிய போகாம, நகை நட்டு போடாம, அவருக்காக உட்காரணும். உட்கார்றதுக்கு எனக்கு பயமில்ல. ஆனா அவர் உசுரோட இருந்தா? உசுரோட இருக்கறவரை நானே அடக்கம் பண்ண மாதிரி ஆகிடாதா? நான் அவருக்குப் பொண்டாட்டியா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

கோகிலவாணி எழுந்து வந்து அவள் தோளில் கைவைத்தாள். அவள் அப்படிச் செய்து ஃபிரெடி பார்த்ததில்லை.

ஷபீனா போனதும் ஃபிரெடி தன் கருத்துகளை வரிசையாக அவிழ்த்துவிட்டான். ஒன்று, ராஜஸ்தானில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. இரண்டு, ஜலால் தம்பி பங்கை விழுங்கப் பார்க்கிறார். மூன்றாவதைச் சொல்லுமுன் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினான்.

"மூணாவது, நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் மேடம், இதெல்லாம் நம்பக்கூடாது. ஆனா பூட்டின பீரோவுக்குள்ள எப்படி நனையும்?"

"உன் செருப்பைக் கழட்டு," என்றாள் கோகிலவாணி.

"எதுக்கு? புதுசு மேடம்."

அவனது வலது செருப்பு குழாய்த் தண்ணீர் வாளிக்குள்ளும், இடது செருப்பு கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்ட வாளிக்குள்ளும் போயின. ஒருநாள் ஊறிய பிறகு இரண்டும் மொட்டைமாடிக்குக் காயப் போயின. அதுவரை ஃபிரெடி குளியலறைச் செருப்போடுதான் துப்பறிய வேண்டியிருந்தது.

பீர்க்கன்கரணைக்கு அவர்கள் போனது பிற்பகல்தான். ஆனாலும் ஏரியின்மேல் மேகம் கவிந்து விளக்கு வைக்கும் நேரம்போல் இருண்டிருந்தது. கரையோரத் தெருவின் கடைசி வீடு. தெரு முழுக்கச் சேறு. கீழ்த்தளத்தில் ஷபீனா தனியாக இருந்தாள், மாடியில் பர்வேஸும் அவன் மனைவி அனமும் வாடகைக்கு இருந்தார்கள். மாடிப்படி வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி இறங்கி, சன்ஷேடின் கீழ் வாசற்படியருகில் முடிந்தது. கோகிலவாணி தெருவில் மிதித்த சேற்றைக் குழாயடியில் கழுவிவிட்டு, வீட்டுக்குள் போவதற்குமுன் மாடிப்படியில் பாதிவரை ஏறி இறங்கினாள். பிறகு தன் பாதங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முட்டிவலிக்கு ஏதோ பயிற்சி என்று ஃபிரெடி நினைத்தான்.

கூடத்துச் சுவரில் ஷாகுல் ஒட்டிய இரண்டு பெரிய படங்கள் இருந்தன. ஒன்றில் பச்சை நீருக்குள் பவளப்பாறை, மற்றொன்றில் வரிவரியான மணல்மேடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துத் 'தாம்பரம்' என்று எழுதியிருந்தான். அலமாரியில் அவன் தட்டும் தம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தினமும் கழுவி வைக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

தலைக்குமேல் யாரோ நடந்தார்கள். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கும், மறுபடி இந்தக் கோடிக்கும். ஃபிரெடி நிமிர்ந்து பார்த்தான்.

"பர்வேஸ் அண்ணாதான்," என்றாள் ஷபீனா. "இவர் காணாமப் போனதுலருந்து அவருக்குத் தூக்கமே இல்ல. நடந்துகிட்டே இருப்பாரு."

கூப்பிட்டதும் பர்வேஸ் இறங்கி வந்தான். வளர்ந்த ஆள், ஆனால் சட்டை தோளில் தொங்கியது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"மதுரையில நான்தான் மேடம் ஏத்திவுட்டேன். நோன்பு வெச்சிகினு இவ்ளோ தூரம் போவாத மச்சான்னேன், கேக்கல. நானும் ஷாகுலும் பள்ளிக்கூடத்துலருந்து ஒண்ணா கீறோம். எனக்கு மட்டும் கஷ்டம் இல்லியா? பாலைவனத்துல எங்க கீறானோ, இன்னா சாப்புடறானோன்னு இருக்குது."

அந்த நேரம் ஜலாலும் வந்துவிட்டார். அஸ்தினாபுரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "என் தம்பி இருந்தா பெருநாளைக்கு அண்ணனுக்கு ஒரு சலாமாவது சொல்லியிருப்பான் மேடம். சொல்லல. அவ்ளோதான் எனக்குக் கணக்கு. என்னைப் பங்குக்கு அலையறவன்னு ஊரே பேசுது, பேசட்டும். அவனுக்கு ஒரு தொழுகைகூட இல்லாம போயிடக்கூடாது," என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

திரும்பும்போது அனம் மாடிப்படியின் அடியில் நின்றிருந்தாள். சின்னப் பெண். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, கேட்கலாமா என்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, கடலோட போனவங்களை அடக்க கபர் இருக்குமா?"

"சில பேருக்கு இருக்கும்," என்றாள் கோகிலவாணி. அனம் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனாள். கோகிலவாணி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பெருங்களத்தூர் தாண்டியதும், "எல்லாரும் பாலைவனத்துல தேடறாங்க. அந்தப் பொண்ணு மட்டும் ஏன் கடலைப் பத்தி கேக்கறா?" என்றாள்.

இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. ஃபிரெடியின் செருப்புகள் இரண்டும் மொறுமொறுவென்று காய்ந்தன. கோகிலவாணி அவற்றை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவனிடமே கொடுத்தாள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அலமாரியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வலது செருப்பு காய்ந்தபடியே இருந்தது. இடது செருப்பில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டியது.

"வீட்டுல கல்லுப்பு ஜாடியை மழைக்காலத்துல பார்த்ததில்லையா நீ? தானா கசியும். உப்பு காத்துலருந்து ஈரத்தை இழுக்கும். தோல் ஒருதடவை கடல்தண்ணியில ஊறிட்டா, எத்தனை தடவை காயவெச்சாலும் அடுத்த மழைக்கு அழும். வெளி ஈரம் பீரோ இடுக்கு வழியா போறதுக்குச் சாவி வேணாம்."

"அப்ப பேய் இல்லையா?" ஃபிரெடியின் குரலில் நிம்மதியும் ஏமாற்றமும் சரிபாதியாக இருந்தன. பிறகு சுறுசுறுப்பானான். "ஆனா மேடம், தீவுக்குப் போனப்ப கடல்ல நனைஞ்சிருக்கலாமே? அதே செருப்போட வண்டி ஏறியிருக்கலாமே?"

"ஏறியிருந்தா அந்தச் செருப்பு எப்படி வீட்டுக்கு வந்துச்சு? ஒண்ணு, ஷாகுல் திரும்பி வந்திருக்கணும். இல்லேன்னா அவன் வண்டியே ஏறல." அவள் ஜன்னல்வழியே மழையைப் பார்த்தாள். "ராமேஸ்வரம் வண்டியில கிளம்பு. ராமநாதபுரம் கரையோரத்துல, அந்த ரமலான்ல ஆள் தெரியாத பிரேதம் ஏதாவது ஒதுங்குச்சான்னு விசாரி. போலீஸ்லயும் கேளு, ஊர் ஜமாஅத்லயும் கேளு. இத்தனை மாசமும் எல்லாரும் வடக்கேதான் தேடியிருக்காங்க. கடற்கரையில யாருமே கேக்கல."

ஃபிரெடி போய்விட்டுத் திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. வழக்கமாக அலுவலக மாடிப்படியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுகிறவன், உள்ளே வந்து உட்கார்ந்து, போனில் ஒரு படத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். கோகிலவாணி அதை நெடுநேரம் பார்த்தாள்.

மறுநாள் மாலை ஷபீனாவின் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜலால் நாற்காலியில், பர்வேஸ் சுவரோரமாக, அனம் சமையலறை வாசற்படியில். மழை விட்டிருந்தது. ஏரியிலிருந்து தவளைச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. செய்தித்தாளின்மேல் அந்தச் செருப்பு இருந்தது. அதன் அடியில் காகிதத்தில் ஒரு பாதத்தின் வடிவில் ஈரம் பரவியிருந்தது. எல்லாருடைய கண்ணும் ஒருமுறை அதில் பட்டு விலகியது.

"பாங்கு சொல்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க," என்றாள் கோகிலவாணி.

வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி கறுத்தது. பிறகு பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு எழுந்தது. ஷபீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பாங்கு முடிந்ததும் ஃபிரெடி தன் போனை மேசைமேல் சாய்த்து வைத்தான். வீடியோ அழைப்பில் ஒரு முகம் தெரிந்தது, ஜெய்சல்மேர் விடுதிக்காரர். கோகிலவாணி சொன்னபடி அவர் போனைத் திருப்பிக் காட்டினார். மணல்மேடுகள் மஞ்சளாக மின்னின. அவற்றுக்கு மேலே, கண்கூசும்படி, சூரியன் நின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. போனிலிருந்து வந்த வெயில் அவர்கள் முகங்களில் விழுந்தது.

"இப்ப எடுக்கறதுதானே இது?" என்று ஜலால் கேட்டார்.

"இப்பத்தான். ஜெய்சல்மேர் நமக்கு ரொம்ப மேற்கே இருக்கு. நமக்குச் சூரியன் இறங்கி ஏறக்குறைய அரைமணி கழிச்சுத்தான் அங்க இறங்கும். ரமலான் சமயத்துலயும் அப்படித்தான்." கோகிலவாணி ஷபீனாவைப் பார்த்தாள். "அன்னைக்கு உன் வாயில பேரீச்சம்பழம் இருந்தப்போ மெசேஜ் வந்துச்சு. சூரியன் முழுசா இறங்கிடுச்சு, நோன்பு திறந்துட்டேன்னு. அந்த நேரத்துல அங்க வெயில் அடிச்சுக்கிட்டிருந்துச்சும்மா. பயணத்துலகூட நோன்பு விடாத மனுஷன், சூரியன் கண்ணுக்கு நேரா நிக்கறப்ப நோன்பு திறப்பாரா?"

"மாட்டாரு," என்றாள் ஷபீனா. அந்தச் சொல் அவளையறியாமல் வெளியே வந்தது.

"அதை அனுப்பினவர் இந்த ஊர்ப் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்தவர். திறந்த கையோட அனுப்பினவர். வாசல்ல செருப்பு கிடந்த அன்னைக்குச் சேத்துல தடம் இல்ல. ஏன்னா அதைக் கொண்டு வந்தவங்க தெருவுலருந்து வரல. மாடிப்படியில இறங்கி வந்தா சேறு மிதிக்க வேண்டியதில்ல, நான் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஜலால் சார் அஸ்தினாபுரத்துலருந்து வரணும், தெருவை மிதிக்காம முடியாது. அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஷாகுல் வண்டி ஏறினதாச் சொன்னவர் ஒருத்தர்தான். அந்தச் செருப்பு இருந்த வீடும் அவரோடதுதான்."

போனில் விடுதிக்காரர் ஏதோ கேட்டார். ஃபிரெடி அழைப்பைத் துண்டித்தான். வெயில் அணைந்து அறை முழுக்க இருண்டது.

"நான்தான் அக்கா வெச்சேன்." சமையலறை வாசலிலிருந்து அனமின் குரல் வந்தது. "இவரோட பைக்குள்ள துணி சுத்தி வெச்சிருந்துச்சு. வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீங்களா புரிஞ்சிப்பீங்கன்னு நினைச்சேன். புருஷனைக் காட்டிக் கொடுக்கவும் முடியல, நீங்க தினமும் அவர் தட்டைக் கழுவறதைப் பாக்கவும் முடியல."

பர்வேஸ் சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"நான் அவனைக் கொல்லல," என்றான். "சத்தியமா கொல்லல. ஆள் போவக்கூடாத தீவு ஒண்ணு, காட்டிலாகா வுடாது. அங்க இட்டுகினு போனா கஸ்டமர் நெறைய வருவான்னு நான்தான் சொன்னேன். பர்மிட் இல்லாம வேணாம் மச்சான்னான். நான்தான் இழுத்துகினு போனேன், ஒரு படகைப் புடிச்சு. திரும்பறப்ப பாறையில தட்டி படகு சாஞ்சுது. அவன் உள்ள போயிட்டான். நான் கையை வுட்டுத் தேடினேன். கால்தான் மாட்டுச்சு. இறுக்கிப் புடிச்சேன். செருப்பு மட்டும் கழண்டு என் கைக்கு வந்துச்சு."

அவன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகுக்காரன் வெளிய சொன்னா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம்னான். பயந்துட்டேன். மெசேஜ் அனுப்பினா கொஞ்ச நாள் தள்ளிப் போவும்னு பாத்தேன். அனுப்ப அனுப்ப, அவன் நெசமாவே அங்க எங்கியோ கீறான்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

"நோன்பு திறந்ததா ஏன் எழுதினே?" என்று ஜலால் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவன் பேர்ல எதை வேணா எழுதலாம்ணா. திறக்காத நோன்பைத் திறந்துட்டேன்னு மட்டும் எழுத கை வரல. அதான் பாங்கு சொல்றவரைக்கும் காத்திருந்து, நான் திறந்துட்டு, அப்புறம் அனுப்பினேன்."

"எங்கருந்து?" ஷபீனா முதன்முறையாக அவனைப் பார்த்துக் கேட்டாள்.

பர்வேஸ் பதில் சொல்லாமல் மேலே பார்த்தான். எல்லாரும் அவனோடு சேர்ந்து கூரையைப் பார்த்தார்கள். அவள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுத அந்தக் கணத்தில், பாலைவனம் அவள் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது.

கோகிலவாணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஃபிரெடி கடற்கரைக்குப் போயிட்டு வந்தான்மா. ரமலான் பாதியில ஒரு மையத்து ஒதுங்கியிருக்கு. ஆள் யாருன்னு தெரியல. ஆனா முஸ்லிம்னு தெரிஞ்சு, அந்த ஊர் ஜமாஅத்துல போலீஸ்கிட்ட கேட்டு வாங்கி, ஜனாஸா தொழுது, முறையா அடக்கியிருக்காங்க. நோன்பு நேரத்துல வந்த விருந்தாளின்னு ஊரே கூடித் தொழுதுச்சாம்." போனிலிருந்த படத்தைக் காட்டினாள். "கால்ல ஒண்ணுதான் இருந்துச்சு. அடையாளத்துக்கு ஸ்டேஷன்ல எடுத்து வெச்சிருக்காங்க."

வலதுகால் செருப்பு. அறுந்திராத வாரில் பச்சை நூல் தையல்.

ஷபீனா அழவில்லை. படத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜலாலிடம், "மச்சான், நான் இன்னைக்கே இத்தா உட்காரணுமா?" என்று கேட்டாள். சின்னப் பெண் கேட்பதுபோல் இருந்தது.

ஜலால் தாடியைத் தடவினார். "இத்தாவுக்கு மௌத்தான நாள்லருந்துதான்மா கணக்கு. தெரிஞ்ச நாள்லருந்து இல்ல. ரமலான்லருந்து எண்ணினா..." அவர் விரல்விட்டு எண்ணினார். "முடிஞ்சு போச்சும்மா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கப்புறம், முஹர்ரம் முடியற சமயத்துலயே முடிஞ்சு போச்சு."

மாடியில் யாரும் நடக்காத அந்த வீடு அப்படி அமைதியாக இருந்து அவர்கள் யாரும் கேட்டதில்லை.

"நோன்புப் பெருநாளைக்கு நான் புதுசு கட்டினேன்," என்றாள் ஷபீனா. பர்வேஸைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் அவனிடம் பேசுவதுபோல் இல்லை. "அவர் திடீர்னு வந்து நின்னா நல்லா இருக்கணும்னு மருதாணி வெச்சேன். பிரியாணி ஆக்கி உங்களுக்கெல்லாம் மேல கொடுத்து அனுப்பினேன். நீங்களும் சாப்பிட்டீங்க. அவரை அடக்கி ரெண்டு வாரம்கூட ஆகல. பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மன்னிச்சிடுவேன் அண்ணா. ஆனா என் புருஷனுக்காக அழறதுக்குன்னு அல்லாஹ் எனக்குக் கொடுத்த நாள் அது. அதை எடுத்துட்டீங்களே."

பர்வேஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அனம் அவன் பக்கம் போகவில்லை. சிறிது நேரம் கழித்து ஜலால் எழுந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். இருவரும் காவல் நிலையத்துக்குப் போக இறங்கினார்கள். சேற்றில் அவர்களுடைய காலடித் தடங்கள் தெருக்கோடிவரை பக்கம்பக்கமாகப் பதிந்தன.

ஷபீனா வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் ஷாகுலின் தட்டில் வைத்தாள்.

"இனிமே தேவையில்லைன்னாங்களே அக்கா," என்று அனம் மெதுவாகச் சொன்னாள்.

"கணக்குக்கு முடிஞ்சிருக்கலாம். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல." அவள் ஃபிரெடியிடம் திரும்பினாள். "தம்பி, அவரை அடக்கின ஊருக்குப் போற வண்டி எப்ப?"

ஃபிரெடி போனில் ரயில் நேரம் பார்த்தான். "இன்னைக்கு வண்டி இருக்குக்கா. ரெண்டு நாள்ல போயிட்டு வந்துடலாம்," என்றான்.

"ரெண்டு நாள். அவரும் டூருக்கு அப்படித்தான் போட்டிருந்தாரு," என்றாள் ஷபீனா.

வெளியே மறுபடி தூறத் தொடங்கியது. அவள் இடதுகால் செருப்பை எடுத்துப் பாலிதீன் பைக்குள் வைத்தாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இந்த முறை அவள் அதைத் துடைக்கவில்லை.